தாத்தாவின் டிரங்குப் பெட்டியும் என் தும்மலும்

போன ஐப்பசியில் தாத்தாவின் பழைய புத்தகங்கள் இருந்த டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். மேலே இருந்த பைண்டு வால்யூமைத் தட்டியதும் சாம்பல் நிறத்தில் புகை போலக் கிளம்பியது. அன்று ராத்திரியே அடுக்குத் தும்மல், மூச்சில் விசில். பழைய தாள் நெடிதானே என்று இரண்டு நாள் மின்விசிறிக்கு அடியிலேயே உட்கார்ந்து பிரித்தேன். சுத்த முட்டாள்தனம். பூசண வித்துகளை விசிறி வீடு முழுக்கப் பரப்பிவிட்டது.

டாக்டர் ஒவ்வாமை என்றார். துணி மாஸ்க் போதாது, என்95 போடுங்கள் என்றார்.

அப்புறம் மொட்டை மாடிக்கு மாறினேன், நிழலில்தான். வெயிலில் போட்டால் தாள் பழுத்து முறுக்கிக்கொள்ளும். நைட்ரைல் கையுறை, மிருதுவான பெயிண்ட் பிரஷ். காற்று என் பின்னாலிருந்து வீசும்படி நின்று, தையல் பக்கமிருந்து வெளியே தள்ளித் துடைத்தேன். ஈரம் இருந்த புத்தகங்களை முதலில் காயவிட்டேன். ஈரப் பூசணத்தைத் தேய்த்தால் தாளுக்குள் அப்பிக்கொள்ளும்.

பெட்டியின் அடியில் வெள்ளைப் பொடி. "கரையானுக்குத் தாத்தா கெமாக்சின் தூவுவார்டா" என்றார் சித்தப்பா. இந்தியாவில் 1997-இல் தடை செய்த பூச்சிமருந்து, லேசில் மக்காது. ஊதவில்லை, பெருக்கவில்லை, ஈரத்துணியால் ஒற்றியெடுத்து, இரண்டு பைகளில் கட்டி, குப்பை வண்டிக்காரரிடம் விவரம் சொல்லித் தனியாகக் கொடுத்தேன்.

இப்போது அலமாரியில் ஒரு ஈரப்பத மீட்டர். 60 சதவீதத்தைத் தாண்டினால் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தை மாற்றுகிறேன். அந்துருண்டையை நிறுத்திவிட்டேன், அதற்குப் பூசணம் அடங்காது, தலைவலிதான் மிச்சம்.