மொரிசியஸ் கருங்கல் எந்த ஆழத்துச் சரக்கு? ஐசோடோப்பால் பார்ப்பது எப்படி

கோர் தெ கார்த் மலைச்சரிவில் இருக்கும் முருகன் கோவிலுக்குக் காவடியோடு ஏறுகிறோமே, அந்த மலை 90 லட்சம் முதல் 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வழிந்த பழைய எரிமலைக் குழம்பு. க்யூர்பிப் ஊரில் த்ரூ ஓ செர்ஃப் பள்ளத்தைச் சுற்றிக் கிடப்பது மிகவும் இளைய குழம்பு. இரண்டும் பசால்ட், இரண்டும் கறுப்பு. கையில் வைத்துப் பார்த்தால் பங்காளிகள் மாதிரித்தான் இருக்கும். ஆனால் அவை பூமியின் கவசத்தில், அதாவது மேன்டிலில், ஒரே இடத்திலிருந்து உருகி வந்தவை அல்ல. அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று என் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் விடாமல் கேட்டார்கள். பட்டப்படிப்புக்குப் புவியியல் எடுக்கப்போகும் பிள்ளைகளுக்கும் உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் காரணம். குழம்பு மேலே வரும் வழியில் ஒலிவின் என்னும் மக்னீசியக் கனிமம் படிந்துவிட்டால் மக்னீசியம் குறையும், சிலிக்கா கூடும், வேதியியல் மாறிப்போகும். ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களைத்தான் ஐசோடோப் என்கிறோம். ஸ்ட்ரான்ஷியத்தின் 87, 86 என்ற இரண்டு ஐசோடோப்புகளுக்கும் உள்ள விகிதமோ உருகுவதாலும் படிகமாவதாலும் மாறாது. ருபீடியம் 87 சிதைந்துதான் ஸ்ட்ரான்ஷியம் 87 கூடுகிறது. அதன் அரைவாழ்வு, அதாவது பாதி சிதைய ஆகும் காலம், கிட்டத்தட்ட 4,900 கோடி ஆண்டு. ஆகவே இந்த விகிதம், மூலப்பாறையில் எவ்வளவு ருபீடியம் எவ்வளவு காலம் இருந்தது என்பதைச் சொல்லும். சமாரியம் 147 சிதைந்து நியோடிமியம் 143 ஆவதும் இதே கணக்குதான்.

பாதி வேலை சுத்தியலிலேயே முடிந்துவிடும். கரும்புத் தோட்டங்களில் நம் முன்னோர் பொறுக்கிக் குவித்த கற்குவியலிலிருந்து மாதிரி எடுக்காதீர்கள். அந்தக் கல் எங்கிருந்து புரட்டப்பட்டது என்று யாருக்கும் தெரியாது. கல் குவாரியிலோ, சாலைக்காக வெட்டிய சரிவிலோ, இருந்த இடத்திலேயே இருக்கும் பாறையை உடையுங்கள். கோவில் பக்கம் சுத்தியல் வேண்டாம், சொல்லத் தேவையில்லை. வெளித்தோல் பழுப்பாக இருந்தால் அதைத் தட்டி எறிந்துவிட்டு உள்ளே இருக்கும் சாம்பல் நிறக் கல்லை எடுங்கள். துளைகளில் வெள்ளையாகக் கனிமம் அடைத்திருந்தால் அந்தத் துண்டும் வேண்டாம். ஷாமரெல் ஏழு வண்ண மண் பார்க்க அழகுதான். இந்த வேலைக்கு அது உதவாது. அங்கே பசால்ட் மக்கி மண்ணாகி, ஸ்ட்ரான்ஷியம் மழையில் கரைந்து போய்விட்டது.

அப்புறம் கல்லை ரம்பத்தால் அறுத்திருந்தால் அந்தத் தடத்தைத் தேய்த்து நீக்கி, சிறு சில்லுகளாக உடைத்து, பூதக்கண்ணாடி வைத்து நல்ல சில்லுகளைப் பொறுக்க வேண்டும். அலுப்பான வேலை, ஆனால் வேறு யாரிடமும் தள்ளாதீர்கள். பொறுக்கியதை அகேட் உரலில் பொடியாக்குங்கள்.

தீவுக் கல்லுக்கு முக்கியமான எதிரி கடல். கடல்நீரின் ஸ்ட்ரான்ஷியம் விகிதம் 0.7092. நம் பசால்ட் 0.704 அளவில்தான் இருக்கிறது. உப்புக்காற்று பட்ட கல்லில் கொஞ்சம் கடல் ஸ்ட்ரான்ஷியம் ஏறினாலும் எண் மேலே போய்விடும். அதனால் பொடியைச் சூடான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்து, மேலே நிற்கும் நீர் நிறமில்லாமல் தெளியும் வரை அமிலத்தை மாற்றிக் கழுவ வேண்டும். கழுவியதையும் கழுவாததையும் சேர்த்தே அளந்து பாருங்கள். ஸ்ட்ரான்ஷியம் இறங்கி நியோடிமியம் அசையாமல் இருந்தால் கழுவிப் போனது கடலின் வேலை என்று எடுத்துக்கொள்ளலாம். கடல்நீரில் நியோடிமியம் மிக மிகக் குறைவு, அதனால் அது பாறையின் எண்ணை எளிதில் தொடாது.

கரைப்பது ஹைட்ரோஃபுளூரிக், நைட்ரிக் அமிலக் கலவையில், டெஃப்லான் குப்பியில். ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் கண்ணாடியைத் தின்னும், தோலுக்குள்ளும் இறங்கும். பயிற்சி பெற்றவர் பக்கத்தில் இல்லாமல், கால்சியம் குளுகோனேட் ஜெல் கைக்கெட்டாமல் அதைத் திறக்கவே கூடாது. பிறகு ரெசின் குழாயில் தனிமங்களைப் பிரித்து மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில், அதாவது அணுக்களை எடை வாரியாகப் பிரித்து அளக்கும் கருவியில், அளப்பார்கள்.

எண்கள் வந்ததும், பாறை உறைந்த பிறகு சிதைவால் கூடியதைக் கழித்து, விகிதத்தை வயதுக்கேற்பத் திருத்துங்கள். ருபீடியம் 87-க்கும் ஸ்ட்ரான்ஷியம் 86-க்கும் விகிதம் 0.2 என்று வைத்துக்கொண்டால், 90 லட்சம் ஆண்டில் 0.00003 கூட ஏறாது. அதே விகிதம் 6.6 கோடி ஆண்டு பழைய தக்காணப் பசால்ட்டில் இருந்தால் 0.0002 அளவுக்கு ஏறியிருக்கும். தக்காணத்தைப் பொங்க வைத்த அதே வெப்பப் புள்ளிதான், அதாவது மேன்டிலிலிருந்து சூடு மேலெழும் இடம்தான், பின்னால் மொரிசியஸையும் பக்கத்துத் தீவான ரீயூனியனையும் உண்டாக்கியது என்பதால் மூன்றையும் ஒப்பிட ஆசை வரும். அப்போது இந்தத் திருத்தத்தை விட்டுவிட முடியாது.

சரி, இனி வாசிப்பு. நியோடிமியம் 143/144 விகிதம் 0.51285 என்று வந்தால், பூமியின் சராசரிக்கு வைத்திருக்கும் 0.512638-ஆல் வகுத்து, 1 கழித்து, 10,000-ஆல் பெருக்குங்கள். இப்படி வரும் எண்ணுக்கு எப்சிலான் என்று பெயர். இங்கே அது சுமார் +4.1. நடுக்கடல் மலைத்தொடரின் பசால்ட் +10 பக்கம் போகும். அதன் ஸ்ட்ரான்ஷியம் 0.7025 அளவு. ரீயூனியன் குழம்பும் நம் பழைய மலைகளும் 0.704-க்குச் சற்று மேலே, பூமியின் சராசரிக்கும் நடுக்கடல் பசால்ட்டுக்கும் நடுவில் நிற்கின்றன. இளைய மொரிசியஸ் குழம்புகளில் ஸ்ட்ரான்ஷியம் 0.704-க்குக் கீழே இறங்குகிறது. தீவு வெப்பப் புள்ளியை விட்டு நகர்ந்த பிறகு, ஏற்கெனவே உருகி ருபீடியம் போன்ற தனிமங்கள் வற்றிய மேல் கவசத்தின் பங்கு அதிகமானது என்பதே பரவலான விளக்கம். எனக்கும் அதுதான் பொருந்துகிறது.

ஆனால் ஸ்ட்ரான்ஷியத்தை மட்டும் வைத்து மூலத்துக்குப் பெயர் சூட்டாதீர்கள். ஈயத்தின் மூன்று விகிதங்களையும் சேர்த்துப் பாருங்கள். யுரேனியம், தோரியத்தின் பழைய கதை அவற்றில்தான் இருக்கிறது. விகிதத்தை மக்னீசியத்துக்கு எதிராக வரைந்தும் பாருங்கள். மக்னீசியம் குறையக் குறைய விகிதம் ஏறினால், வழியில் மேலோட்டைக் கரைத்துக்கொண்டு வந்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். இங்கே அது வெறும் பயம் அல்ல. இந்தத் தீவின் டிரக்கைட் என்னும் எரிமலைப் பாறையில் 300 கோடி ஆண்டு வரை பழைய சிர்க்கான் படிகங்கள் இருப்பதாக 2017-இல் வெளியான ஆய்வு காட்டியது. தீவுக்கு அடியில் பழைய கண்டத் துண்டு இருக்கலாம் என்ற வாதத்துக்கு அது பலம் சேர்த்தது.

கடைசியாக, ஆய்வகத்திடம் அதே நாளில் அளந்த தரமாதிரியின், அதாவது விகிதம் முன்பே தெரிந்த மாதிரியின், எண்ணையும் கேட்டு வாங்குங்கள். ஸ்ட்ரான்ஷியத்துக்கு எஸ்ஆர்எம் 987, அது 0.71025-ஐ ஒட்டி இருக்க வேண்டும். அது இல்லாத அட்டவணையை நான் மற்றவர்களின் எண்களோடு ஒரே வரைபடத்தில் போடுவதில்லை.