நம்ம ஊர் வெயிலுக்கு ஐஸ் எங்கே பிடிக்கும்? விமானி செய்யக்கூடாத தவறுகள்

என் அக்கா மகன் விமானப் பயிற்சியில் சேர்ந்திருக்கிறான். மே மாதம் பாலக்கோட்டுக்கு வந்திருந்தபோது, பறக்கும் விமானத்தில் ஐஸ் படிவதைப் பற்றிய பாடத்தைப் புரட்டிக்கொண்டே, "நம்ம ஊரு வெயிலுக்கு ஐஸ் எங்க மாமா பிடிக்கப் போகுது, இதெல்லாம் கனடாவுல ஓட்டறவங்களுக்குத்தான்" என்றான். விமானப் பராமரிப்பில் பல வருஷம் இருந்தவன் நான், அதனால் அந்த ஒரு வாக்கியம் எனக்கு ரொம்பக் கவலையாகிவிட்டது. அன்று ராத்திரி அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். பைலட் ஆக வேண்டும் என்று நினைக்கும் பிள்ளைகள் தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டத்திலும் இன்று நிறைய இருக்கிறார்கள்.

முதல் தவறே அவன் சொன்னதுதான், தரையில் இருக்கிற சூட்டை வைத்து வானத்தைக் கணக்குப் போடுவது. ஆயிரம் அடி ஏறினால் சுமார் 2 டிகிரி குறையும். தருமபுரியில் 35 டிகிரி கொளுத்துகிற நாளில்கூட பதினேழு, பதினெட்டாயிரம் அடி போனால் பூஜ்ஜியம் வந்துவிடும். கிருஷ்ணகிரிப் பக்கம் கோடை மழையில் மாந்தோப்பில் ஆலங்கட்டி விழுகிறதே, பிஞ்சையெல்லாம் உதிர்த்துவிட்டுப் போகிறதே, அந்தக் கட்டி மேலே உறைந்துதானே கீழே வந்தது!

பூஜ்ஜியத்துக்குக் கீழே போனதும் மேகத்தில் உள்ள தண்ணீர் எல்லாம் உறைந்துவிடும் என்று நினைப்பதும் தப்பு. சுத்தமான தண்ணீர் பாட்டிலை அசையாமல் ஃப்ரீசரில் வைத்து, சரியான நேரத்தில் எடுத்துத் தட்டினால் கண் முன்னாலேயே சட்டென்று கட்டியாகும், பார்த்திருப்பீர்கள். மேகத்துளியும் அப்படித்தான், உறைநிலைக்குக் கீழேயும் தண்ணீராகவே மிதக்கும், இறக்கை வந்து மோதினால் அந்த இடத்திலேயே ஒட்டி உறையும். பூஜ்ஜியத்திலிருந்து மைனஸ் 20 வரை இந்தத் தொல்லை அதிகம். அதையும் தாண்டிக் குளிர்ந்தால் பெரும்பாலும் துளிகள் ஏற்கெனவே உறைந்து பனித்துகளாகிவிடும், இறக்கையில் அவ்வளவாக ஒட்டாது. அதனால்தான் 35,000 அடியில் பறக்கும் ஜெட்டைவிட, அதிகபட்சம் 25,000 அடிவரை மட்டுமே போகிற, விசிறி வைத்த ஏடிஆர் மாதிரி சின்னப் பயணிகள் விமானங்களுக்கு இந்த ஆபத்து கிட்டத்தில் இருக்கிறது. நம்மவர்கள் காமலாபுரம் போய் சேலம் விமான நிலையத்தில் ஏறுகிறார்களே, அதே ரக விமானம்தான்.

அடுத்தது, பலரும் சொல்கிற "கொஞ்சம்தானே பிடிச்சிருக்கு, என்ன பெரிய எடை கூடிவிடும்?" என்ற பேச்சு. எடை இங்கே இரண்டாம்பட்சம், இறக்கையின் வடிவம் கெடுவதுதான் விஷயம். இறக்கையின் முன்விளிம்பிலும் மேல்பரப்பிலும் உப்புத்தாள் மாதிரி ஒரு சொரசொரப்பு படிந்தாலே, தூக்கும் விசை 30 சதவீதம் வரை குறையலாம், காற்றின் இழுவை 40 சதவீதம் வரை கூடலாம். இறக்கை காற்றைப் பிடிக்க முடியாமல் கைவிடுவதை ஸ்டால் என்பார்கள். ஐஸ் படிந்த இறக்கை வழக்கமான வேகத்தைவிட அதிக வேகத்திலேயே ஸ்டால் ஆகிவிடும், எச்சரிக்கைக் கருவி சத்தம் போடுவதற்கு முன்பேகூட. "இந்த வேகத்தில் போன தடவை நன்றாகத்தானே இறங்கினேன்" என்ற அனுபவம் அங்கே உதவாது.

தரையில் நடக்கும் தவறுக்கு, 1982 ஜனவரி 13 அன்று வாஷிங்டனில் ஏர் ஃப்ளோரிடா போயிங் 737 விழுந்த விபத்தைப் படித்தாலே போதும். ஐஸை அகற்றிய பிறகு முக்கால் மணி நேரத்துக்கு மேல் பனி கொட்டக் கொட்ட நின்றார்கள், இறக்கையில் திரும்பவும் படிந்தது. எஞ்சினின் ஐஸ் தடுப்புச் சூடேற்றியைப் போடவில்லை, அதனால் ஓர் உணரி அடைத்து, எஞ்சின் விசையை உள்ளதைவிட அதிகமாகக் காட்டியது. ஓடுபாதையில் வேகமெடுக்கும்போதே துணை விமானிக்குச் சந்தேகம், அளவு சரியில்லை என்று சொல்லவும் செய்தார். ஆனால் நிறுத்தவில்லை. பாலத்தில் இடித்து ஆற்றில் விழுந்தது, பாலத்தில் இருந்த 4 பேரையும் சேர்த்து 78 பேர் இறந்தார்கள். இதைச் சொல்லும்போது மருமகன் வாயே திறக்கவில்லை.

அப்புறம் ஆட்டோ பைலட். ஐஸ் பிடிக்கும்போது விமானம் கொஞ்சம் கொஞ்சமாக மாறும், அந்த மாற்றத்தையெல்லாம் ஆட்டோ பைலட் சத்தமில்லாமல் சமாளித்துக்கொண்டே இருக்கும், இனி முடியாது என்கிற கட்டத்தில் கையை விட்டுவிடும், அந்த நிமிஷத்தில் விமானிக்கு என்ன நடக்கிறதென்றே பிடிபடாது. 1994 அக்டோபர் 31 அன்று அமெரிக்காவின் ரோஸ்லானில் ஓர் ஏடிஆர் 72 அப்படித்தான் போனது, 68 பேர். தரையிறங்க முறைக்காகக் காத்து வட்டமடித்துக்கொண்டிருந்தபோது, உறைநிலைக்குக் கீழேயும் தண்ணீராகவே இருந்த பெரிய துளிகள், ஐஸை உடைப்பதற்காகக் காற்றடைத்து உப்ப வைக்கும், முன்விளிம்பில் இருக்கும் ரப்பர் உறையைத் தாண்டிப் பின்னால் வழிந்து உறைந்தன. உறை உப்பினால் அதன் மேல் இருக்கும் ஐஸ்தான் உடையும், பின்னால் இருப்பதை அது என்ன செய்யும்? அதற்குப் பிறகு அந்த உறையை அகலமாக்கினார்கள். காக்பிட்டின் பக்கவாட்டுக் கண்ணாடியில் ஐஸ் படர்ந்தால் உடனே அந்த இடத்தைவிட்டு வெளியேறு என்பதும் விதியாயிற்று.

அந்த ரப்பர் உறையைப் பற்றியே ஒரு பழைய நம்பிக்கை உண்டு, ஐஸ் நன்றாகத் தடிக்கட்டும், அப்புறம் உப்ப வைத்தால்தான் உடையும் என்று. அப்படிக் காத்திருக்கவே கூடாது. அறிகுறி தெரிந்ததுமே போடச் சொல்கிறார்கள் இப்போது, இருந்தாலும் அந்தந்த விமானத்தின் கையேடு என்ன சொல்கிறதோ அதுதான் முடிவு.

சரி, பயிற்சி விமானத்துக்கு வருவோம். கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் பாகம்) உள்ள சின்ன எஞ்சின் என்றால் மேகமே வேண்டாம், ஈரக்காற்று இருந்தால் 25 டிகிரியில்கூட உள்ளே ஐஸ் கட்டும். கல்யாண மண்டபச் சமையலில் சிலிண்டரை வேகமாக எரித்தால் வெளிப்பக்கம் வியர்த்து வெள்ளையாக உறைகிறதே, மாஸ்டர்கள் அதை வெந்நீர் அண்டாவில் நிறுத்துகிறார்களே, அதே சமாச்சாரம். பெட்ரோல் ஆவியாகும்போதும், குறுகிய வழியில் காற்று பாயும்போதும் சூடு இருபது டிகிரிக்கு மேல்கூட இறங்கலாம். பயிற்சியில் இருப்பவர்கள் இங்கே செய்கிற தவறு ஒன்று உண்டு. எஞ்சின் சக்தி குறைகிறது, கார்புரேட்டர் சூடேற்றியைத் திறக்கிறார்கள், உருகின தண்ணீர் உள்ளே போய் எஞ்சின் இன்னும் மோசமாக இருமுகிறது, பயந்துபோய் உடனே மூடிவிடுகிறார்கள். மூடக்கூடாது! முழுசாகத் திறந்து வைத்துப் பொறுத்திருந்தால் எஞ்சின் திரும்பி வரும். எஞ்சினைக் குறைத்துக்கொண்டு இறங்கும்போது முன்கூட்டியே திறப்பது இன்னும் நல்லது.

வேகம் காட்டும் பிட்டோ குழாய் அடைத்தாலும் கலங்கக்கூடாது. 2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக் மேலே ஏர் பிரான்ஸ் 447-க்குப் பனித்துகளால் குழாய்கள் அடைத்தன. வேக அளவு தாறுமாறானது ஒரு நிமிடத்துக்கும் குறைவுதான், அதற்குள் மூக்கைத் தூக்கி, ஸ்டால் ஆக்கி, அதிலிருந்து மீளவே இல்லை, 228 பேர். மூக்கு எந்தக் கோணம், எஞ்சின் விசை எவ்வளவு என்று தெரிந்த கணக்கை அப்படியே பிடித்துக்கொண்டிருக்க வேண்டிய நேரம் அது.

கடைசியாக மருமகன் கேட்டான், "அப்போ பிடிச்சிட்டா என்னதான் மாமா பண்றது?" ஐஸ் தடுப்பு வசதி இல்லாத விமானம் என்றால், முதல் வெள்ளைக் கோடு கண்ணில் பட்டதுமே கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லிவிட்டு, கீழே மலை இல்லாத பக்கமாகச் சூடான காற்றுக்கு இறங்கு, அல்லது வந்த வழியே திரும்பு என்றேன். எத்தனை அடியில் பூஜ்ஜியம் என்று புறப்படும் முன்பே வானிலைத் தாளில் பார்த்து எழுதி வைத்துக்கொள் என்றும் சொன்னேன். அன்று ராத்திரியே நோட்டை எடுத்து, பாலக்கோட்டு வெப்பத்தை வைத்து ஆயிரம் ஆயிரம் அடியாகக் கழித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.