வாசலுக்கு ஓர் இலவச மரம்: ரொறன்ரோவில் கேட்டுப் பெறுவது எப்படி?

ரொறன்ரோவில் சொந்த வீடு வாங்கிய பலருக்கு ஒரு விஷயம் தெரியாது. முன்வளவில் தெருவோரமாக இருக்கும் புல்தரை பெரும்பாலும் மாநகர சபைக்குச் சொந்தம். புல் வெட்டுவது நாம், உரிமை அவர்களுக்கு! அந்தத் துண்டில்தான் சபை காசு வாங்காமல் மரம் நட்டுத் தருகிறது.

1. எல்லையைப் பாருங்கள். இங்கே பல தெருக்களுக்கு ஒதுக்கிய அகலம் 66 அடி. நிலம் அளந்த பழைய சங்கிலி ஒன்றின் நீளம் அது. தார் போட்ட பகுதி போக மிச்சம்தான் நடைபாதையும் நம் புல்லும். வீடு வாங்கும்போது கிடைத்த நில அளவை வரைபடத்தில் இந்த எல்லை தெரியும். வரைபடம் இல்லையென்றாலும் விண்ணப்பிக்கலாம்.

2. 311 என்ற எண்ணை அழையுங்கள், அல்லது சபையின் இணையதளத்தில் கேளுங்கள். இடம் போதுமா, மேலே மின்கம்பி உண்டா என்று பார்த்துத்தான் முடிவு சொல்வார்கள். நடுவது வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் மட்டுமே. அதனால் பொறுமை வேண்டும்.

3. மரத்தைத் தெரிவு செய்யுங்கள். வேம்பு கிடைக்குமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. கறிவேப்பிலையையே குளிருக்குப் பயந்து வீட்டுக்குள் தூக்கி வைக்கிற ஊர் இது! சர்க்கரை மேப்பிள் அழகுதான். ஆனால் பனிக்காலத்தில் தெருவில் கொட்டும் உப்பு அதற்கு ஆகாது. உப்பைத் தாங்க ஹனி லோகஸ்ட் நல்லது. மேலே கம்பி ஓடினால் சர்வீஸ்பெரி கேட்டுப் பாருங்கள்: வசந்தத்தில் வெள்ளைப் பூ, ஜூன் வாக்கில் தின்னக்கூடிய பழம். பறவைகள் முந்திக்கொள்ளும் என்பது வேறு கதை. பக்கத்து வீட்டில் இருப்பதையே நீங்களும் கேட்காதீர்கள். 2007இல் இந்நகரில் கண்டறியப்பட்ட மரகதப் பச்சை வண்டு ஆஷ் மரங்களைத் தேடித் தேடிக் கொன்றது. ஆஷ் மட்டுமே நின்ற தெருக்கள் மொட்டையாகின.

4. நடும் வேலை அவர்களுடையது. அதற்கு முன், நிலத்துக்கடியில் ஓடும் குழாய்களையும் கம்பிகளையும் காட்ட, புல்லில் வண்ணக் கோடுகளும் சிறு கொடிகளும் தோன்றலாம். மஞ்சள் என்றால் எரிவாயு, சிவப்பு மின்சாரம், நீலம் குடிநீர். அவற்றைப் பிடுங்க வேண்டாம். குழந்தைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

5. தண்ணீர். நட்டு முதல் இரண்டு கோடை நீங்களும் கவனித்து ஊற்றுங்கள். முதல் ஆண்டு ஜூலையில் நாங்கள் ஆறு வாரம் ஊருக்குப் போய்விட்டோம். திரும்பி வந்தபோது இலைகள் அப்பளம்போல் நொறுங்கின. மரம் பிழைத்தது, ஆனால் ஒரு பக்கக் கிளைகள் போயின. இப்போது மழை பெய்யாத வாரங்களில் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் மூன்று வாளி, மெதுவாக ஊற்றுகிறேன். புல்லுக்குத் தெளிக்கும் நீர் மேல்மண்ணோடு நின்றுவிடும். வேர்ப்பந்து (வேரும் மண்ணும் சேர்ந்த உருண்டை) வரை இறங்காது. பயணம் போவதானால் பக்கத்து வீட்டாரிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

அடியில் போட்ட மரச்சில்லு தண்டைத் தொடக்கூடாது. புற்றுப்போலக் குவித்தால் பட்டை அழுகும். நடுவில் பள்ளமாக, வடைபோல் பரப்புங்கள். மரம் வளர்ந்த பிறகும் அது சபையின் சொத்துதான். கிளை இடைஞ்சலாக இருந்தால் அரிவாளைத் தேடாமல் மறுபடியும் 311ஐ அழையுங்கள்.