குடும்பப்பெயரின் மூலத்தைத் தேடுகிறீர்களா? அர்த்தத்தைக் கடைசியில் பாருங்கள்

வித்தியாசமான குடும்பப்பெயர் ஒன்று கண்ணில் பட்டால், அதைத் தேடுபொறியில் போட்டுப் பக்கத்திலேயே "அர்த்தம்" என்று தட்டுவதுதான் எல்லோரும் செய்கிற முதல் வேலை. பாதிப் பேர் வழி தவறுவதும் அங்கேதான். பெயரைப் பார்த்ததும் தோன்றுகிற அர்த்தம், பல நேரம் அந்தப் பெயருக்குச் சம்பந்தமே இல்லாதது.

ஆங்கிலத்தில் வாக்கர் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். நிறைய நடந்தவராக இருப்பார் என்று தோன்றும். உண்மையில், நெய்த கம்பளித் துணியை நனைத்துப் போட்டுக் காலால் மிதித்துக் கெட்டியாக்குவது அவர் தொழில். இதே வேலையைச் செய்தவருக்கு இங்கிலாந்தின் வடக்கே வாக்கர் என்று பெயர், தெற்கிலும் கிழக்கிலும் ஃபுல்லர், தென்மேற்கில் டக்கர். அதாவது தொழிலை மட்டுமல்ல, எந்தத் திசையிலிருந்து வந்த குடும்பம் என்பதையும் அந்தப் பெயர் சொல்லிவிடுகிறது.

அதனால் முதலில் தேட வேண்டியவை இரண்டு: அந்தப் பெயர் மிகப் பழைய பதிவில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது, அப்போது எந்தப் பகுதியில் கொத்தாக இருந்தது.

எழுத்தில் ஆரம்பியுங்கள். கையில் இருக்கிற சான்றிதழ், பத்திரம், கல்லறைக் கல், எதுவானாலும் சரி, ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னால் போய், பெயர் எழுதப்பட்ட ஒவ்வொரு வடிவத்தையும் ஆண்டோடு குறித்துக்கொள்ளுங்கள். பிழை மாதிரி தெரிவதையும் விடாதீர்கள், அதில்தான் விஷயம் இருக்கும். அந்தக் காலத்தில் எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினார், பெயருக்கு உரியவருக்கோ பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாது. அரிய பெயர் என்று நாம் வியக்கிற பலவும், சாதாரணப் பெயர் ஒன்று நாலு எழுத்தர்கள் கைபட்டு உருமாறியதுதான். இங்கிலாந்தில் ஃபெதர்ஸ்டன்ஹா என்று படிக்கத் தோன்றும் நீளமான பெயர் ஒன்று உண்டு, அதை ஃபான்ஷா என்று உச்சரிப்பவர்கள் இருக்கிறார்கள். கேட்டதை அப்படியே எழுதுகிற ஒருவர் கையில் அது கிடைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒலியை வைத்துத் தேட சவுண்டெக்ஸ் என்றொரு முறை இருக்கிறது, 1918-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. முதல் எழுத்தை வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளைத் தள்ளிவிட்டு, ஒரே மாதிரி ஒலிக்கிற மெய்களுக்கு ஒரே எண் கொடுக்கும். ராபர்ட், ரூபர்ட் இரண்டுக்கும் ஆர்163 என்றே வரும். வம்சாவளித் தளங்கள் பலவற்றில் இந்த வசதி உண்டு. ஒரே குறை, முதல் எழுத்தே மாறிப்போன பெயர் இதில் சிக்காது, அதை நீங்களே வேறு வேறு விதமாகப் போட்டுப் பார்க்க வேண்டும்.

அப்புறம் பெயரைப் பிரித்துப் பாருங்கள். ஜார்ஜிய மொழியில் ஷ்விலி என்று முடிந்தால் பிள்ளை, ருமேனியாவில் எஸ்கு, ஆர்மீனியாவில் யான், எல்லாம் இன்னார் வழி வந்தவர் என்று சொல்லும் ஒட்டுகள். வேல்ஸ் நாட்டு ஒட்டு முன்னால் வரும், அதோடு ஒளிந்துகொள்ளவும் செய்யும். ரீஸின் மகன் "அப் ரீஸ்", இதுவே காலப்போக்கில் பிரைஸ். ஹவெலின் மகன் பவல், ஓவனின் மகன் போவன். முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த ஒற்றை மெய்தான் மகன் என்ற சொல்லில் மிச்சம். பிரைஸுக்கும் விலைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

பிரித்தாலும் புரியாத பெயர்கள் ஜப்பானில் கிடைக்கும், எனக்கு ரொம்பப் பிடித்தவை அவைதான். "சிறு பறவைகள் விளையாடும்" என்று எழுதிவிட்டுத் தகானாஷி என்று வாசிப்பார்கள். தகா என்றால் பருந்து, நாஷி என்றால் இல்லை. பருந்து இல்லாத இடத்தில்தானே குருவிகள் பயமில்லாமல் விளையாடும்! இன்னொன்று "நான்காம் மாதம் முதல் நாள்" என்று எழுதி வாதானுகி என்று வாசிப்பது. பழைய நாட்காட்டியில் அந்த நாளில்தான் குளிருடையில் திணித்த பஞ்சை எடுப்பார்கள், வாதானுகி என்பதற்குப் பஞ்சை உருவுதல் என்றே பொருள். அகராதியை எத்தனை தடவை புரட்டினாலும் இது பிடிபடாது, அந்த மொழி தெரிந்தவரைக் கேட்பதுதான் வழி.

அந்த நாட்டில் குடும்பப்பெயர் எப்போது கட்டாயமானது என்பதையும் அவசியம் பாருங்கள். ஜப்பானில் 1875, துருக்கியில் 1934. பிலிப்பைன்ஸில் 1849-இல் ஸ்பானிய ஆளுநர் கிளவேரியா பெயர்ப் பட்டியல் புத்தகம் ஒன்றை ஊர் ஊராக அனுப்பி, அதிலிருந்து பெயர் கொடுக்கச் செய்தார். சில ஊர்களில் எல்லாருக்கும் ஒரே எழுத்தில் பெயர் தொடங்குவது அதனால்தான். அப்படி வந்த பெயரின் அர்த்தத்தைக் கண்டுபிடித்தாலும், குடும்பத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

கேட்க நன்றாக இருக்கிற கதையை மட்டும் உடனே நம்பாதீர்கள். நெதர்லாந்தில் நாக்ட்கெபோரன், அதாவது "அம்மணமாகப் பிறந்தவர்" என்று ஒரு பெயர் உண்டு. 1811-இல் நெப்போலியன் பெயரைப் பதியச் சொன்னபோது மக்கள் கேலிக்கு வைத்தது என்பார்கள். ஆனால் அதற்கு முன்பே அந்தப் பெயர் இருந்திருக்கிறது. அப்பா இறந்தபின் பிறந்த பிள்ளையைக் குறிக்கும் ஜெர்மன் சொல் திரிந்து வந்தது என்ற விளக்கம்தான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அமெரிக்காவில் குடியேற வந்தவர்கள் கப்பலிலிருந்து இறங்கிய நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்பதும் இதே ரகம். அவர்கள் கப்பலில் வந்த பட்டியலைச் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான்.

நேர் அர்த்தமே சரியாக இருப்பதும் உண்டு. பம்பாய்ப் பார்சிகளில் இன்ஜினியர், கான்ட்ராக்டர் என்றால் முன்னோர் யாரோ அந்த வேலை பார்த்தவர்தான். இத்தாலியின் எஸ்போசிட்டோவும் மூடுமந்திரம் இல்லை: வெளியே விடப்பட்டவர் என்று பொருள், அனாதையாகக் கிடைத்த குழந்தைகளுக்கு வைத்தது. இந்த மாதிரிப் பெயர் கிடைத்தால் வீட்டில் பெரியவர்களிடம் சொல்வதற்கு முன் கொஞ்சம் யோசித்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டன், அயர்லாந்துப் பெயர் என்றால் 2016-இல் நான்கு தொகுதிகளாக வந்த ஆக்ஸ்ஃபோர்டு குடும்பப்பெயர் அகராதியைப் பாருங்கள், பழைய வடிவங்களை ஆண்டோடு தருகிறது. ஒரே பெயரைப் பிடித்துக்கொண்டு அதை வைத்திருந்த அத்தனை பேரையும் தேடுகிறவர்களுக்கு கில்ட் ஆஃப் ஒன் நேம் ஸ்டடீஸ் என்ற சங்கம் 1979 முதல் இருக்கிறது. அரிய பெயர்க்காரர்களுக்கு இதில் அதிர்ஷ்டம்தான். ஸ்மித்களை எண்ணி முடிக்க முடியாது, நூறு பேர் மட்டும் வைத்திருக்கிற பெயரை வரைபடத்தில் குறித்தால் எல்லாம் ஒரே பள்ளத்தாக்கில் போய் நிற்கலாம்.

தேடும்போது "உங்கள் குடும்பத்தின் மரபுச் சின்னம்" என்று சட்டம் போட்ட படத்தை விற்க வருவார்கள். இங்கிலாந்தில் சின்னம் தனி மனிதருக்கும் அவர் வழிவந்தவர்களுக்கும் மட்டுமே, ஒரு பெயருக்கு என்று எதுவும் கிடையாது. அந்தப் பணத்துக்குப் பழைய பதிவு ஒன்றின் நகலை வாங்குங்கள்.