வாதம் வந்த காலையில் நாங்கள் செய்த தவறுகள்

போன வருடம் ஆடி மாதம். காலை ஆறு மணிக்கு அப்பா எழுந்து உட்கார்ந்து காபி டம்ளரை எடுத்தார். வலது கையில் டம்ளர் நிற்கவில்லை. வாய் லேசாகக் கோணியிருந்தது, பேச்சு குழறியது. அடுத்த ஒரு மணி நேரம் நாங்கள் செய்ததை நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது. வாயுவாக இருக்கும் என்று சித்தப்பா சோடா வாங்கி வந்தார். பக்கத்து வீட்டு அக்கா தைலம் தேய்த்தார். யாரோ புறா ரத்த நாட்டு வைத்தியப் பேச்சை எடுத்தார்கள். வண்டி எடுக்கும்போது மணி ஏழு.

வாய் கோணுவது, ஒரு பக்கக் கையோ காலோ தளர்வது, பேச்சு குழறுவது: இவற்றில் ஒன்று திடீரென்று வந்தாலும் பக்கவாதம் என்றே எடுத்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். பத்து நிமிடத்தில் தானாகச் சரியாகிவிட்டாலும் போக வேண்டும்; பெரிய வாதம் வருவதற்கு முன் சிலருக்கு இப்படித்தான் வந்து போகும். பெரும்பாலும் வலியே இருக்காது, அதனால்தான் வீட்டில் யாரும் பதறுவதில்லை. மூளையின் பெரிய ரத்தக்குழாய் ஒன்று அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

கிளம்பியும் நேராகப் போகவில்லை. பக்கத்தில் இருக்கிறதே என்று ஒரு சிறிய நர்சிங் ஹோமுக்குப் போனோம். அங்கே சி.டி. ஸ்கேன் இல்லை. டிரிப்ஸ் ஏற்றி, "பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்" என்று சொல்வதற்குள் இருபது நிமிடம் போய்விட்டது. சி.டி. ஸ்கேனும் அடைப்பைக் கரைக்கும் ஊசியும் 24 மணி நேரமும் உள்ள ஆஸ்பத்திரி உங்கள் ஊருக்குப் பக்கத்தில் எது என்று இன்றைக்கே விசாரித்து வையுங்கள். 108-ஐ அழைக்கும்போதே "வாதம் மாதிரி இருக்கிறது" என்று சொல்லிவிடுங்கள்.

வழியில் ஆஸ்பிரின் கொடுக்கலாமா என்று மச்சான் போனில் கேட்டார். நல்லவேளை, கொடுக்கவில்லை. வாதம் வந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ரத்தக்குழாய் அடைப்புதான் காரணம் என்றாலும், மற்றவர்களுக்கு மூளைக்குள் ரத்தம் கசிந்திருக்கும். வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஸ்கேன்தான் பிரித்துக் காட்டும். கசிவு உள்ளவருக்கு ஆஸ்பிரின் கொடுத்தால் ஆபத்து. பிபி ஏறியிருக்கிறதே என்று வீட்டிலேயே மாத்திரை போட்டு மளமளவென்று இறக்குவதும் தவறு. அடைப்பு இருக்கும்போது கொஞ்சநஞ்சம் ரத்தம் மூளைக்குப் போவதே அந்த அழுத்தத்தால்தான். எவ்வளவு இறக்கலாம் என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும்.

எங்கள் பெரிய தவறு அவசரப் பிரிவு வாசலில் நடந்தது. மணி எட்டே கால் இருக்கும். "கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?" என்று டாக்டர் கேட்டார். "ராத்திரி பத்து மணிக்குப் படுத்தார் சார், எழுந்திருக்கும்போதே இப்படித்தான்" என்றேன். அவர் முகம் மாறியது. அடைப்பைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். தூக்கத்தில் எப்போது வந்தது என்று யாருக்கும் தெரியாததால், கடைசியாக நல்லபடி பார்த்த நேரத்திலிருந்துதான் கணக்கு. பத்து மணி என்றால் கெடு எப்போதோ தாண்டிவிட்டது.

பின்னால் நின்றிருந்த அம்மா மெதுவாகச் சொன்னார்: "நாலரைக்கு எழுந்து மோட்டார் போட்டாரே. தொட்டி நிரம்பிடுச்சான்னு என்கிட்ட கேட்டுட்டுத்தானே வந்து படுத்தார்?" டாக்டர் என்னை விட்டுவிட்டு அம்மாவிடம் திரும்பினார். பேச்சு தெளிவாக இருந்ததா, நடையில் தள்ளாட்டம் இருந்ததா என்று இரண்டு தடவை கேட்டார். ஸ்கேனில் கசிவு இல்லை. எட்டு ஐம்பதுக்கு ஊசி போட்டார்கள். இன்னும் பத்தே நிமிடம்தான் மிச்சம் இருந்தது.

ஆஸ்பத்திரியில் பேசுவது படித்த மகனோ மருமகனோதான். நோயாளியோடு கூடவே இருந்தவரை யாரும் கேட்பதில்லை. தயவுசெய்து அவரை முன்னால் நிறுத்துங்கள். சாப்பிடும் மாத்திரைகளையெல்லாம் பையோடு கொண்டு போங்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறாரா என்பது அந்த ஊசிக்கு முன் தெரிந்தாக வேண்டும். ஊசியால் 100 பேரில் ஆறு பேர் வரை மூளையில் ரத்தக் கசிவு வரலாம் என்று சொல்லிக் கையெழுத்து கேட்பார்கள். சந்தேகத்தை அங்கேயே டாக்டரிடம் கேளுங்கள். சொந்தக்காரர் ஒவ்வொருவராகப் போன் போட்டுக் கேட்கும் நேரம் அது இல்லை. நாலரை மணி நேரம் தாண்டிவிட்டதே என்று போகாமலும் இருக்காதீர்கள். பெரிய ரத்தக்குழாய் அடைப்பாக இருந்தால், தொடைவழியாகக் குழாய் செலுத்தி ரத்தக் கட்டியை எடுக்கும் சிகிச்சையைச் சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடச் செய்கிறார்கள்.

வார்டுக்கு மாற்றிய பிறகும் தவறுகள் நிற்கவில்லை. நாக்கு வறண்டிருக்கிறதே என்று சித்தப்பா பாசத்தில் இளநீர் ஊற்றினார். அப்பாவுக்குப் புரையேறி, மூச்சுத் திணறி, ராத்திரி காய்ச்சல் வந்துவிட்டது. வாதத்தில் விழுங்கும் தசைகளும் தளரும். குடிப்பது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா ஆகலாம். விழுங்கும் பரிசோதனை முடியும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வாயில் விடக்கூடாது. வீட்டில் கொடுத்தோமே அந்த சோடா, அதுவும் இதே தவறுதான்.

அப்புறம் தோள். படுக்கையிலிருந்து எழுப்பும்போதெல்லாம் அந்தத் தளர்ந்த கையைப் பிடித்தே இழுத்தோம். மூட்டு இறங்கி ஆறு மாதம் வலியால் துடித்தார். கையை விட்டுவிட்டு முதுகையும் இடுப்பையும் தாங்கித்தான் தூக்க வேண்டும். எப்படி என்று பிசியோதெரபிஸ்டிடம் முதல் நாளே செய்துகாட்டச் சொல்லுங்கள்.

எங்களில் பலரும் அப்பாவிடம் கத்திப் பேசினோம். அவருக்குக் காது நன்றாகக் கேட்டது; வார்த்தைதான் வரவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு "இனி இவர் எங்கே பழையபடி ஆகப் போகிறார்" என்று ஒரு உறவினர் சொன்னபோது, அப்பாவின் கண்ணோரம் நீர் வழிந்ததை அம்மா மட்டும்தான் பார்த்தார். சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசி, பதிலுக்குக் காத்திருந்தால் போதும்.

வீட்டுக்கு வந்து இரண்டு மாதத்தில் நடக்க ஆரம்பித்ததும், "இனி எதற்கு இத்தனை மாத்திரை" என்று பிபி மாத்திரையை நிறுத்தப் பார்த்தார். அம்மா விடவில்லை. அடுத்த வாதத்தைத் தடுப்பது அந்த மாத்திரைகள்தான். டாக்டர் சொல்லாமல் ஒன்றைக்கூட நிறுத்தக்கூடாது. பிசியோதெரபிக்கு நகரத்துக்குப் போய்வரக் கார் வாடகையே கட்டுப்படியாகாமல் நடுவில் விட்டுவிட்டோம். 2021-இல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார் என்று நான்கு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. டிஸ்சார்ஜ் ஆன வாரமே உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ப் பெயர் கொடுத்துவிடுங்கள்.