சமநிலை மாறிலி: எது கூடும், எது கூடாது

ஹட்டனில் உயர்தர இரசாயனவியல் வகுப்பு எடுக்கிறேன். சமநிலைப் பாடம் வந்தால் பிள்ளைகள் சூத்திரத்தை மளமளவென்று ஒப்புவிப்பார்கள். அப்புறம், "சேர், எதனோலைக் கூட்டிப் போட்டால் மாறிலியும் கூடுமா?" என்பார்கள். கூடாது. கூடுவது விளைவின் அளவு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான் கீழே உள்ள கணக்கு.

அசற்றிக்கமிலமும் எதனோலும் சேர்ந்து எதைல் அசற்றேற்றும் நீரும் தரும் தாக்கத்தை எடுங்கள். 25 பாகை செல்சியசில் இதன் மாறிலி ஏறத்தாழ 4. மாறிலியைக் காண, சமநிலையில் இருக்கும் விளைவுகளின் செறிவுகளைப் பெருக்கி மேலே, தாக்கிகளின் செறிவுகளைப் பெருக்கிக் கீழே போட வேண்டும். இரு பக்கமும் இரண்டிரண்டு பதார்த்தங்கள் என்பதால் கனவளவு வெட்டுப்பட்டுவிடும். மூல் எண்ணிக்கையையே போடலாம்.

நீரையும் போட மறக்காதீர்கள். "நீரை விட்டுவிட வேண்டும்" என்பது நீரே கரைப்பானாக நிறைந்திருக்கும்போது மட்டும்தான். புள்ளி அதிகம் போவது இந்த இடத்தில்தான்.

சரி, அமிலம் 1 மூல், எதனோல் 1 மூல். ஆரம்பம், மாற்றம், சமநிலை என்று மூன்று வரி எழுதுங்கள். ப மூல் தாக்கமடைந்தால் விளைவுகள் ஒவ்வொன்றும் ப, தாக்கிகள் ஒவ்வொன்றும் 1 − ப. ப² ÷ (1 − ப)² = 4. வர்க்கமூலம் எடுத்தால் ப ÷ (1 − ப) = 2. ஆகவே ப = 2/3.

இப்போது எதனோலை 2 மூல் ஆக்குங்கள். 3ப² − 12ப + 8 = 0 என்று வரும். ஒரு தீர்வு 3.15, இருப்பதே 1 மூல் அமிலம், அதனால் அதைத் தள்ளிவிடுங்கள். மற்றது 0.845. எசுத்தர், அதாவது எதைல் அசற்றேற்று, 0.67 மூலிலிருந்து 0.85க்கு ஏறிவிட்டது. விடையைத் திரும்பப் போட்டுப் பாருங்கள்: 0.845² ÷ (0.155 × 1.155). அதே 4.

செறிந்த சல்பூரிக்கமிலத்தை ஊக்கியாகச் சேர்த்தால் சமநிலை சீக்கிரம் வரும், எண் மாறாது.

நுவரெலியாவிலிருந்து வரும் ஒரு பிள்ளை, "எங்கள் ஊரில் அமுக்கம் குறைவுதானே, அங்கே மாறிலி வேறா?" என்று கேட்டது. நல்ல கேள்வி. ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரம். வளியமுக்கம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. நைதரசன் நாலொட்சைட்டு கபில நிற ஈரொட்சைட்டாகப் பிரியும் வாயுத் தாக்கத்தில், ஒரு மூல் இரண்டு மூலாகிறது. அங்கே குறைந்த அமுக்கத்தில் பிரிகை கூடும். ஆனால் வெப்பநிலை அதேயென்றால் மாறிலி அசையாது. அதை மாற்றக்கூடியது வெப்பநிலை ஒன்றுதான்: பிரிகை வெப்பத்தை உறிஞ்சும் அகவெப்பத் தாக்கம் என்பதால் சூடாக்கினால் மாறிலி கூடும், நுவரெலியாக் குளிரில் குறையும்.

பயிற்சிக்கு ஒன்று: எதைல் அசற்றேற்று 1 மூல், நீர் 1 மூல் என்று மறுபக்கத்திலிருந்து தொடங்குங்கள். எசுத்தரில் மூன்றில் ஒரு பங்கு உடைந்தால் விடை சரி.