சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கணித மாதிரி அமைப்பது எப்படி: ஆய்வு மாணவருக்கு ஒரு வழிகாட்டி

கழிவுநீர் சுத்திகரிப்பைக் கணித மாதிரியாக்கும் துறையில் ஆய்வாளராகவும் பேராசிரியராகவும் வர விரும்புகிற மாணவர்கள் பெரும்பாலும் மென்பொருளிலிருந்து தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டிய இடம் நிறைச் சமநிலை: தொட்டிக்குள் போன பொருள் எல்லாம் எங்கே போயிற்று என்கிற கணக்கு. கேப் டவுன் பல்கலைக்கழகப் பேராசிரியர் மராய்ஸும் அவருடைய மாணவர்களும் இந்தத் துறைக்கு இட்ட அடித்தளம் அத்தகைய கணக்கின் மேல்தான் நிற்கிறது. 1983இல் டென்மார்க்கின் மோகன்ஸ் ஹென்ஸே தலைமையில் அமைந்த பன்னாட்டுக் குழுவில் மராய்ஸும் இடம்பெற்றார். அமெரிக்காவின் கிரேடி, சுவிட்சர்லாந்தின் குயர், ஜப்பானின் மட்சுவோ ஆகியோர் மற்ற உறுப்பினர்கள். அந்தக் குழு 1987இல் வெளியிட்ட ஏஎஸ்எம்1 (ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ் மாடல் 1) என்னும் மாதிரி, காற்றூட்டி, நுண்ணுயிர்த் திரளான கசட்டை வளர்த்துக் கழிவை உண்ணவைக்கும் ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ் முறையை 13 கூறுகளாகவும் 8 வினைகளாகவும் பிரித்து ஒரே அட்டவணையில் அடக்கியது.

முதலில் அந்த அட்டவணையை ஒரு தாளில் கையால் எழுதிப் பழகுங்கள். வரிசை ஒவ்வொன்றும் ஒரு வினை, பத்தி ஒவ்வொன்றும் ஒரு கூறு. கரிமப் பொருளை உண்ணும் பாக்டீரியா காற்றில் வளரும் வரிசையை எடுத்துக்கொண்டால், விளைச்சல் கெழு, அதாவது உண்ட உணவில் உயிர்ப்பொருளாக மாறும் பங்கு, 0.67 என்பதால், 1 கிராம் உயிர்ப்பொருள் உண்டாக 1.49 கிராம் உணவு குறைகிறது, 0.49 கிராம் ஆக்சிஜன் செலவாகிறது. எல்லாவற்றையும் வேதி ஆக்சிஜன் தேவையின், அதாவது கரிமப் பொருளை வேதிமுறையில் ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவான சிஓடியின், அலகில் எழுதியிருப்பதால் மூன்றும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுகின்றன. ஒரு வரிசை சரிக்கட்டவில்லை என்றால் கணினியைத் தொடவே வேண்டாம். பிழை அந்தத் தாளிலேயே இருக்கிறது.

அடுத்தது உள்வரும் கழிவுநீரைக் கூறு போடுவது. ஆய்வுக் காலத்தின் பெரும்பகுதியை இங்கே செலவிடுவது நல்லது. நிலையத்தின் பதிவேட்டில் பிஓடி, அதாவது நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்கச் செலவிடும் ஆக்சிஜனின் அளவு, இருக்கும். அது மட்டும் போதாது. மொத்த சிஓடியில் கரைந்த நிலையில் எளிதில் சிதைவது எவ்வளவு, மெதுவாகச் சிதைவது எவ்வளவு, சிதையாமல் கரைந்த நிலையில் வெளியே போவது எவ்வளவு, சிதையாமல் கசட்டோடு தங்குவது எவ்வளவு என்ற நான்கும் தேவை. சிதையாத கரைபொருளைக் கண்டுபிடிப்பது எளிது: கசடு வயது, அதாவது கசடு தொட்டியில் தங்கும் சராசரி நாள்கள், நீண்ட நிலையத்தில், வெளியேறும் நீரை வடிகட்டி அளந்த சிஓடி ஏறத்தாழ அதுதான். எளிதில் சிதையும் பகுதிக்கு ஆக்சிஜன் உறிஞ்சும் வீதத்தை அளக்கும் சோதனை வேண்டும். கசட்டையும் கழிவுநீரையும் ஒரு கலனில் கலந்து, அம்மோனியா நைட்ரேட்டாக மாறும் நைட்ரஜனேற்றம் குறுக்கிடாதபடி அதைத் தடுக்கும் அலைல்தயோயூரியா சேர்த்துவிட்டு, சில நிமிடங்களுக்கு ஒருமுறை வீதத்தைக் குறித்துக்கொண்டே வந்தால், முதலில் உயரமாகச் சமதளம் போல ஓடும் கோடு எளிய உணவு தீர்ந்த கணத்தில் சட்டென்று ஒரு படி இறங்குவதைக் காணலாம். அந்தப் படிக்கு மேலுள்ள பரப்பு தரும் ஆக்சிஜன் அளவை 0.33ஆல் (1-இலிருந்து விளைச்சல் கெழு 0.67ஐக் கழித்தது) வகுத்து, கலனில் கழிவுநீர் நீர்த்துப்போன விகிதத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், தேவையான எண் கிடைத்துவிடும். கோட்டில் படியே தெரியவில்லை என்றால் கழிவுநீரின் பங்கைக் கூட்டிப் பாருங்கள்; நெடுந்தூரம் குழாயில் வந்த கழிவுநீராக இருந்தால், எளிய உணவு வழியிலேயே தீர்ந்திருக்கவும் கூடும்.

இதற்குப் பிறகு கசடு வயதைச் சரிபார்க்க வேண்டும். மாதிரி நிலையத்தோடு ஒத்துப்போகாதபோது பலரும் பாக்டீரியாவின் வளர்வீதத்தைக் குறை சொல்கிறார்கள். என் கணிப்பில் குற்றவாளி பெரும்பாலும் கசடு வெளியேற்றும் குழாயின் அளவிதான். 5,000 கன மீட்டர் காற்றூட்டத் தொட்டியில் லிட்டருக்கு 4 கிராம் கசடு இருந்தால் மொத்தம் 20,000 கிலோ. நாளொன்றுக்கு 2,000 கிலோ வெளியேற்றினால் கசடு வயது 10 நாள் என்று பதிவேடு சொல்லும். ஆனால் நாளொன்றுக்கு 20,000 கன மீட்டர் தெளிந்த நீரோடு லிட்டருக்கு 20 மில்லிகிராம் கசடு தப்பிப்போகிறது என்றால், அதுவே 400 கிலோ ஆகிறது. உண்மையான வயது 8.3 நாள்தான். பாஸ்பரஸ் வாயுவாக மாறிப் போய்விடாது என்பதால், உள்ளே வந்த பாஸ்பரஸ் வெளியேறும் நீரிலும் வெளியேற்றிய கசட்டிலும் முழுமையாகக் கணக்குக்கு வருகிறதா என்று பார்த்தால், அளவி பொய் சொல்கிறதா என்பது தெரிந்துவிடும்.

இவ்வளவும் முடிந்த பிறகே கெழுக்களில் கை வைக்கலாம். அதிலும் விளைச்சல் கெழுவைத் தொடாமல் விடுவதே நல்லது. இடத்துக்கு இடம் உண்மையாகவே மாறுவது அம்மோனியாவை உண்ணும் பாக்டீரியாவின் உச்ச வளர்வீதம். ஏஎஸ்எம்1 இதற்கு 20 டிகிரி செல்சியஸில் நாளொன்றுக்கு 0.8 என்றும் 10 டிகிரியில் 0.3 என்றும் தருகிறது. இறப்பைக் கணக்கில் சேர்க்காவிட்டாலும், அந்த உயிர்கள் தொட்டியில் தங்குவதற்குக் குறைந்தபட்சக் கசடு வயது முதல் நிலையில் 1.25 நாள், இரண்டாவதில் 3.3 நாள். தொட்டியின் வெப்பநிலையை அளக்காமல் செய்கிற அளவுதிருத்தம், அதாவது மாதிரி நிலையத்தோடு பொருந்தும்வரை கெழுக்களை மாற்றுவது, வெறும் எண் விளையாட்டு. அம்மோனியாவிலுள்ள ஒவ்வொரு கிராம் நைட்ரஜனும் நைட்ரேட்டாக மாற 4.57 கிராம் ஆக்சிஜன் தேவைப்படுவதால், இந்த ஒரு கெழு தவறினால் காற்றூதிகளின் மின்செலவுக் கணக்கும் சேர்ந்தே தவறும்.

நீரோட்டத்தைப் பற்றி ஒரு சொல்: நீண்ட கால்வாய் போன்ற தொட்டியை ஒரே கலவைத் தொட்டியாக எழுதிவிடாமல், அடுத்தடுத்த நான்கைந்து தொட்டிகளாகப் பிரித்து எழுதுங்கள்.

சோதித்துப் பார்ப்பதற்கென்று, அளவுதிருத்தத்துக்குப் பயன்படுத்தாத ஒரு வாரத் தரவைத் தொடக்கத்திலேயே ஒதுக்கிவையுங்கள். அது வேறு பருவத்துத் தரவாக இருந்தால் மேலும் நல்லது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சாம்பிள் எடுத்த அம்மோனியா அளவோடு மாதிரி காட்டும் அளவை ஒரே வரைபடத்தில் போட்டு, காலை உச்சத்தின் உயரத்தோடு அது வரும் நேரத்தையும் ஒப்பிடுங்கள். ஆய்வுக் கட்டுரையில், மாற்றிய கெழுக்களை மட்டுமல்லாமல் மாற்றாமல் விட்ட எல்லாக் கெழுக்களையும், சிஓடி சமநிலை எத்தனை விழுக்காடு பொருந்தியது என்பதையும் ஒரே அட்டவணையில் தருவது, அடுத்து வருகிற ஆய்வாளர் உங்கள் மாதிரியை மீண்டும் ஓட்டிப் பார்ப்பதற்குத் தேவையான குறைந்தபட்ச விவரம்.